போரா, உறைக்கிணறா, ஆர்ஓவா: கடக்கரை ஊருக்கு எது தாங்கும்?

ஆறு மாசமா எங்க ஊர்ல இதே பேச்சுதான். ராமநாதபுரம் மாவட்டத்துல, வாலிநோக்கம் உப்பளத்துக்குக் கிழக்க, கடலுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவுல இருக்க சின்ன ஊரு, 120 வீடு, ஏறக்குறைய 500 பேரு. சவூதியிலயும் துபாய்லயும் இருக்க நம்ம பயலுக அனுப்புனது, இங்க வலைக்குப் போறவங்க போட்டதுன்னு பொதுத் தண்ணிக்குன்னே ஆறு லட்சம் சேந்துருக்கு. ஒருத்தரு முன்னூறு அடிக்கு போர் போட்டு பெரிய டேங்க் கட்டணும்ங்கறாரு, ஒருத்தரு உப்புத்தண்ணிய நல்ல தண்ணியா வடிகட்டுற ஆர்ஓ பிளான்ட்ங்கறாரு, பெரியவங்க ஊருணியத் தூர்வாருங்கப்பாங்கறாங்க, பொம்பளைங்களக் கேட்டா எதையாச்சும் செஞ்சு தண்ணிக் கொடத்த வச்சுத் தள்ளுற இந்தத் தள்ளுவண்டிய ஒழிங்கன்னு சொல்றாங்க. இதே கேள்வி மூக்கையூர்லயும் இருக்கும், முந்தல்லயும் இருக்கும், அங்கிட்டு தேவிபட்டினம் தொண்டி வரைக்கும் இருக்கும், அதனால நான் பாத்தது, தெரிஞ்சது எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன், உங்க ஊருக்கு முடிவு எடுக்கறப்ப ஒதவும்.

நான் படிச்ச இன்ஜினியர் இல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஹெல்ப்பரா சேந்து, அந்த வண்டியோடயே கப்பல் ஏறி ஆப்பிரிக்காவுல மலாவியில மூணு வருசம் போர் போட்டவன், திரும்பி வந்து பன்னெண்டு வருசமா இங்க மோட்டார், அடிகுழாய் வேலை பாக்குறேன். போர் போடுற அன்னைக்கு தண்ணி பீச்சி அடிக்கும், எல்லாரும் கை தட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் மூணாவது வருசம் அந்த ஊருக்குப் போய்ப் பாத்தாத்தான் அது நல்ல வேலையா கெட்ட வேலையான்னு தெரியும். சஹாராவுக்குத் தெக்க இருக்க ஆப்பிரிக்க நாடுகள்ல 2009 வாக்குல கணக்கெடுத்தப்ப மூணுல ஒரு அடிகுழாய் ஓடாமக் கெடந்துருக்கு. அதுல நெறய எடத்துல கீழ தண்ணி இருந்துச்சு, ரிப்பேர் பாக்கத்தான் ஆளும் சாமானும் காசும் இல்ல. அதனால எந்த ஐடியா வந்தாலும் நான் ரெண்டு கேள்விதான் கேப்பேன்: இது தண்ணிய எவ்வளவு வேகமா இழுக்கும், கெட்டுப்போனா ரெண்டு நாளைக்குள்ள யாரு சரி பண்ணுவா?

மொதக் கேள்விக்கு நம்ம மண்ணப் புரிஞ்சுக்கணும். தனுஷ்கோடி போனவங்க பாத்துருப்பீங்க, ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல மணல்ல நாலு அடி தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், அதச் சிரட்டையில மோந்து கொடத்துல ஊத்துவாங்க. எங்க ஊர்லயும் அதே ஊத்துதான். எங்க அயித்த ஒருத்தவங்க விடியக்காலம் நாலு மணிக்குப் போய் குழிக்குள்ள குத்தவச்சு, தண்ணி கலங்காம சிரட்டைய மெதுவா சரிச்சு மோப்பாங்க, ஒரு கொடம் நெறய அரைமணி நேரம் ஆகும், அவசரப்பட்டு அடியில கையவிட்டுத் தோண்டுன புள்ளைய அடிக்கவே போயிருவாங்க, "ஆழமாத் தோண்டாதடி, உப்பு ஏறிரும்"னு. அயித்த சொன்னதுதான் சயின்சும்.

கடத்தண்ணி ஒரு லிட்டர் 1025 கிராம், நல்ல தண்ணி ஒரு லிட்டர் 1000 கிராம். அதனால மழையில மணலுக்குள்ள எறங்குன நல்ல தண்ணி, உப்புத்தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டு நிக்குது, எண்ணெய் மெதக்குற மாதிரி. வித்தியாசம் 25 கிராம்தான், ஆயிரத்த 25ஆல வகுத்தா 40. அதாவது கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னுச்சுன்னா கீழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு கணக்கு. கேக்க சந்தோசமா இருக்கும், ஆனா இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க: மோட்டார் போட்டு மேல ஒரு அடி எறக்குனா கீழருந்து உப்பு 40 அடி மேல ஏறப் பாக்கும். ஒரே நாள்ல ஏறாது, கொஞ்சங் கொஞ்சமா ஏறும், ஆனா ஏறிருச்சுன்னா எறக்குறது பெரும்பாடு, வருசக் கணக்குல தொடாம விட்டாத்தான் பழைய நெலமைக்கு வரும். நெசத்துல நல்ல தண்ணிக்கும் உப்புத்தண்ணிக்கும் நடுவுல ரெண்டுங் கலந்த சப்பைத் தண்ணியும் கொஞ்சம் இருக்கும், அதனால அந்த 40 அடிய முழுசா நம்பவும் முடியாது.

இப்ப ஒவ்வொண்ணா வர்றேன். மொதல்ல ஆழ்துளை போரு, சப்மெர்சிபிள், மேல்நிலைத் தொட்டி. எல்லாருக்கும் புடிச்சது இதுதான், ஏன்னா பாக்கப் பெருசா இருக்கும், பைப்பத் தொறந்தா வேகமா வரும். எங்க ஊர்ல ஏற்கனவே ஒண்ணு போட்டாங்க, போட்ட காண்ட்ராக்டர் பேரு வேணாம், 180 அடிக்கு எறக்கி ஒன்றரை ஹெச்பி மோட்டார் விட்டாரு, மொத வாரம் எல்லாரும் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னாங்க. ஒரு நா எனக்குச் சந்தேகம் வந்து டிடிஎஸ் மீட்டர, அதாவது ஒரு லிட்டர் தண்ணியில எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சுருக்குன்னு காட்டுற மீட்டர, எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்துலயே ஒக்காந்தேன். மோட்டார் போட்டதும் 640. ஒரு மணி நேரங் கழிச்சு 900 சொச்சம். மூணாவது மணி நேரம் 1900 தாண்டிருச்சு, வாயில வச்சா நாக்கோட ஓரத்துல கரிக்குது. மோட்டார நிப்பாட்டி மறுநா காலையில பாத்தா 710, பழைய 640க்கு வரல. அந்த எழுவதுதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. குடிதண்ணிக்கு இந்திய தர அளவு 500, வேற தண்ணி இல்லன்னா 2000 வரைக்கும் போகலாம்னு இருக்கு. நான் போய்ச் சொன்னேன், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டாதீங்கன்னு, யாரு கேக்குறா, வீட்டுக்கு வீடு டியூப் போட்டுத் தென்னைக்கும் பாய்ச்சுனாங்க. ரெண்டாவது வருசம் ஆடு கூடக் குடிக்கல. இப்ப அந்தத் தொட்டி சும்மா நிக்குது, கம்பியெல்லாம் துருப்புடிச்சு காரை உதிந்து விழுது, கீழ புள்ளைங்க வெளையாடுறதப் பாக்கவே பயமா இருக்கு.

அதுக்காக ஆழ போரே கூடாதுன்னு சொல்லல. கடல விட்டுத் தள்ளி உள்ள போனா சில எடத்துல மேல உப்பு, நடுவுல கெட்டிக் களிமண்ணு, அதுக்குக் கீழ நல்ல தண்ணின்னு அடுக்கு இருக்கும். அங்க போடலாம், ஆனா துளை போட்டதும் மின் லாகிங் எடுத்து, அதாவது துளைக்குள்ள மின் கருவிய எறக்கி, எந்த ஆழத்துல நல்ல தண்ணின்னு பாத்து, மேல் உப்பு கீழ எறங்காம கேசிங் பைப்பச் சுத்தி களிமண்ணோ சிமெண்ட் பாலோ ஊத்தி அடைக்கணும், நல்ல தண்ணி இருக்க எடத்துல மட்டும் கீறல் போட்ட ஸ்லாட் பைப்பு. இத எல்லாரும் செய்றதில்ல, அடிக் கணக்குக்குக் காசு வாங்கிட்டு மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டை போட்ட பைப்ப எறக்கிட்டுப் போயிருவாங்க, மேல இருந்த உப்பெல்லாம் கீழ இருந்த நல்ல தண்ணியையும் கெடுத்துரும். ரிக்காரங்கிட்ட லாகிங் எடுப்பீங்களான்னு கேளுங்க, முழிச்சாருன்னா வேற ஆளப் பாருங்க.

அடுத்து அடிகுழாய். இளவட்டங்க இத மதிக்கிறதே இல்ல, ஆனா நம்ம இந்தியா மார்க் 2 பம்பு உலகம் பூரா போன சாமான், எழுபதுகள்ல யுனிசெஃப் கூடச் சேந்து மெட்ராஸ்ல உருவாக்கி கோயம்புத்தூர் மாவட்டத்துல வச்சு ஓட்டிப் பாத்து தேத்துனது. நாப்பது தடவை அடிச்சா பன்னெண்டு லிட்டருக்கு மேல வரும், ஒரு பம்பு 250 பேருக்குன்னு கணக்கு. மணல்மேட்டுக்கு இதுல ஒரு பெரிய நல்லது இருக்கு, மனுசன் கையால எவ்வளவு வேகமா அடிச்சாலும் உப்பு ஏறுற அளவுக்கு இழுக்க முடியாது.

கெட்டது எங்கன்னா, உள்ள தொங்குற ஜிஐ பைப்பு. நம்ம உப்புக் கலந்த தண்ணியில மேல இருக்க துத்தநாகப் பூச்சு சீக்கிரமே போயிரும், அப்புறம் இரும்பு. காலையில மொதக் கொடம் செவப்பா வரும், சோறு வடிச்சா மஞ்சளாகும், துணி கறையாகும், பொம்பளைங்க அந்தக் கொழாயே வேணாம்னு விட்டுருவாங்க. போன மாசம் ஒண்ணு கழட்டுனேன், மூணாவது பைப்புல மரையை ஒட்டி சுண்டு வெரல் போற அளவுக்கு ஓட்டை, அடிக்கிற தண்ணியில பாதி அது வழியாவே கெணத்துக்குள்ள திரும்ப விழுந்துக்கிட்டு இருந்துருக்கு, அந்தப் பொண்ணு ரெண்டு மடங்கு அடிச்சுருக்கு, மூணு மாசமா யாரும் வந்து பாக்கல. கடக்கரையில அடிகுழாய் போட்டா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்ல கெட்டியான யூபிவிசி பைப்புத்தான், காசு கூட ஆகும், பரவால்ல.

ரிப்பேர் விசயத்துலயும் மார்க் 2 கொஞ்சம் செரமம். சிலிண்டர்ல இருக்க வாசர் தேஞ்சா, அந்தச் சின்ன வாசருக்காக முழுப் பைப்பையும் முக்காலி போட்டு மேல தூக்கணும், நாலஞ்சு ஆம்பளை வேணும். மார்க் 3ல பெரிய பைப்பு போட்டுருப்பாங்க, பைப்பக் கழட்டாமலே ராடு வழியா பிஸ்டன மேல எடுத்துரலாம். மலாவியில நான் பாத்தது ஆஃப்ரிடெவ்னு ஒரு பம்பு, அது கிராமத்து ஆளுங்களே ரிப்பேர் பாக்கணும்னே வடிவமைச்சது. ஒரே ஒரு ஸ்பானர். ராடு எல்லாம் கொக்கி மாதிரி மாட்டியிருக்கும், திருக வேண்டியதே இல்ல. ஒரு நா நாங்க வேற எடத்துக்கு ரிக்க ஓட்டிக்கிட்டுப் போறப்ப வழியில ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தவங்க முதுகுல கைக்கொழந்தையக் கட்டியிருந்தாங்க, ராட ஒவ்வொண்ணா உருவி புல்லு மேல வச்சுட்டு, பழைய ரப்பரு வளையத்தக் கழட்டிப் புதுசு மாட்டி, நாங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி அடிச்சுட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுல ஒரு காலத்துல அடிகுழாய்க்கு மூணு அடுக்கு முறை இருந்துச்சு, ஊர்ல ஒரு பாதுகாவலரு, ஒன்றியத்துல ஒரு பிட்டரு, மாவட்டத்துல ஒரு வண்டியோட குழு. நல்ல ஏற்பாடு அது. ஆனா வண்டி வர்றதுக்காகக் காத்துக் கெடக்குற ஊரவிட, ஸ்பானர் தன் கையில இருக்க ஊருக்குத்தான் தண்ணி நிக்காம வரும், இத நான் ரெண்டு தேசத்துலயும் பாத்துட்டேன்.

ஆர்ஓ பிளான்ட். நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்ல, நரிப்பையூர்ல ஒரு நாளைக்கு 38 லட்சம் லிட்டர் எடுக்குற மாதிரி பெரிய நிலையமே தொண்ணூறுகள்ல கட்டுனாங்க. சின்ன ஆர்ஓ இப்ப ஊருக்கு ஊரு வந்துருச்சு, காசு போட்டா கேன் நெறையும். வேற வழியே இல்லாத ஊருக்கு, அதாவது மணல்மேடும் இல்லாம ஊருணியும் இல்லாம கீழ 3000, 4000 டிடிஎஸ் மட்டுமே இருக்க எடத்துக்கு, இதுதான் உயிரு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி கணக்குப் பாருங்க. சின்ன பிளான்ட்ல ஆயிரம் லிட்டர் உள்ள போனா நல்ல தண்ணியா வர்றது ஏறக்குறைய பாதி, மிச்சப் பாதி கழிவு, அதுல உப்பு ரெண்டு மடங்கு. அதக் கொண்டு போய் எங்க விடுவீங்க? பக்கத்து ஊர்ல பைப்ப நீட்டி ஊருணி ஓரத்துலயே விட்டாங்க, ரெண்டு வருசத்துல அந்த ஊருணியும் கரிச்சுப் போச்சு. ரெண்டாவது, நல்ல தண்ணி ஊருக்கு ஆயிரம் வேணும்னா கீழருந்து ரெண்டாயிரம் இழுக்கணும், அப்ப உப்பு இன்னும் வேகமா ஏறும். மூணாவது, ஃபில்டர் மாசா மாசம், உப்பப் பிரிக்கிற மெம்ப்ரேன் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா, மருந்து, கரண்டு பில்லு, ஓட்டுறதுக்கு ஒரு ஆளு. தொடங்குற அன்னைக்கு வர்ற கூட்டம் மெம்ப்ரேன் மாத்துற அன்னைக்கு வராது. போடுறதுன்னா குடிக்கவும் சோறாக்கவும் மட்டும் போடுங்க, குளிக்கிற தண்ணிக்கு ஆர்ஓ வேணவே வேணாம்.

காவிரித் தண்ணியப் பத்திச் சுருக்கமா. திருச்சி பக்கத்துல எடுத்து புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி நம்ம மாவட்டத்துக்கு வர்ற கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009ல வந்தது, வந்தப்ப எங்க ஊர்ல பொங்கல் வச்சாங்க. வர்ற அன்னைக்கு அதவிட நல்ல தண்ணி இல்ல. ஆனா நாம கடைக்கோடி, வழியில எங்க ஒடைஞ்சாலும் எங்க கரண்டு போனாலும் மொதல்ல நிக்கிறது நம்ம கொழாதான். அத வேணாம்னு சொல்லாதீங்க, வர்றத வாங்கி வைக்கத் தொட்டி கட்டிக்கங்க, ஆனா அது ஒண்ணையே நம்பி ஊர்த் தண்ணிய விட்டுராதீங்க. லாரித் தண்ணி கொடம் பத்து ரூபா, வெயில் ஏறுனா பன்னெண்டு, அது அவசரத்துக்கு, அவ்வளவுதான்.

ஊருணி பத்தி பெரியவங்க சொல்றது சரிதான், ஆனா எடத்தப் பொறுத்தது. ஊருணிக்குக் களிமண் வேணும், தண்ணிய ஏந்தி நிக்கணும். ராமநாதபுரம் உள்பக்கம், முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் கீழ உப்பா இருந்தாலும் ஊருணியில வருசம் முச்சூடும் குடிச்ச ஊருங்க உண்டு, மதுரை தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்புகளும் சேந்து நெறய ஊருணியத் தூர்வாரிக் குடுத்துருக்காங்க. தூர்வாருறப்ப ஒரே ஒரு எச்சரிக்கை, ஜேசிபி இருக்குன்னு ஆழமாத் தோண்டிராதீங்க, அடியில இருக்க களிமண் படுகையைக் கிழிச்சுட்டா ஒண்ணு தண்ணி கீழ போயிரும், இல்ல கீழ இருக்க உப்பு மேல வந்துரும். வரத்துக் கால்வாய்ல இருக்க சீமக்கருவேலத்த வெட்டாம ஊருணிய மட்டும் தோண்டுறதும் வீண் வேலை. தண்ணிய நேரா மோக்காம கரையில ஒரு வடிகட்டிக் கெணறு போட்டு, மணலும் சரளையும் வழியா வடிஞ்சு வர்றதத்தான் எடுக்கணும், ஆடு மாடு எறங்காம வேலி. எங்க ஊரு முழுக்க மணலு, ஊருணி வெட்டுனா ஒரு வாரங்கூட நிக்காது. ஆனா அந்தத் தண்ணி வீணாப் போறதில்ல, மணலுக்குள்ளதான் எறங்குது.

அதனால எங்க ஊருக்கு நான் சொல்றது மணல்மேட்டுல உறைக்கிணறு, அதாவது சிமெண்ட் வளையத்த ஒண்ணு மேல ஒண்ணா எறக்கிக் கட்டுற கெணறு. ஒண்ணு இல்ல, மூணு. ஒரு பெரிய கெணத்துல மொத்தத் தண்ணியையும் எடுத்தா அந்த எடத்துல குழி விழுந்து உப்பு ஏறும், அதே தண்ணிய மூணா பிரிச்சு நூறு நூத்தம்பது அடி தள்ளித் தள்ளி, கடல் ஓரத்த விட்டு மேட்டுக்கு நடு முதுகுல போட்டு கொஞ்சங் கொஞ்சமா எடுத்தா ஏறாது. கணக்கு இதோ. ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு 55 லிட்டர்னு வச்சுருக்காங்க, 500 பேருக்கு 27,500 லிட்டர். அரை ஹெச்பி சோலார் மோட்டார் மணிக்கு 1500 லிட்டர் எடுக்குற மாதிரி வச்சு, நல்ல வெயில் ஆறு மணி நேரம், ஒரு கெணத்துக்கு 9000, மூணுக்கு 27,000. வந்துருச்சா? ஆனா இதே தண்ணிய ஒன்றரை ஹெச்பி மோட்டாரு ஒரே எடத்துல அஞ்சு மணி நேரத்துல இழுத்துப் போட்டுரும், அங்கதான் கெடுது.

வருசம் பூரா தாங்குமான்னு கேப்பீங்க. நம்ம மாவட்டத்துக்கு சராசரி மழை 827 மில்லிமீட்டர், பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில. ஒரு ஏக்கர்ல விழுறது ஏறக்குறைய 33 லட்சம் லிட்டர். அதுல அஞ்சுல ஒரு பங்கு மணல்ல எறங்கித் தங்குதுன்னு வச்சுக்கிட்டா ஆறரை லட்சம். ஊருக்கு வருசத்துக்கு வேண்டியது ஒரு கோடி லிட்டர். அப்ப 15 ஏக்கர் மணல்மேடு நமக்கு வேணும், அதுல வேற யாரும் மோட்டார் போடக் கூடாது, மணல் அள்ளக் கூடாது, பிளாட் போடக் கூடாது. குடிக்க, சோறாக்க மட்டும் ஆளுக்குப் பத்து லிட்டர்னா மூணு ஏக்கரே போதும். இந்தக் கணக்க ஊர்க் கூட்டத்துல கரும்பலகையில எழுதிப் போட்டேன், அன்னைக்குத்தான் மணல் லாரிய ஏன் மறிக்கணும்னு எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. அது வரைக்கும் மணல்னா வீடு கட்டுற சாமான்னு நெனச்சுருந்தோம், அதுதான் நம்ம தொட்டி.

கட்டுறதுல ரெண்டு மூணு விசயம் விடக் கூடாதது. உறையை உப்பு தாங்குற சிமெண்ட்ல, நல்ல தண்ணி ஊத்திக் கொழச்சு வார்க்கணும், கடத்தண்ணியில கொழச்சா கம்பி உள்ளயே அரிச்சுரும். கீழ் உறை ரெண்டு மூணுல மட்டும் ஓட்டை, வெளிய சுத்தி ஒரு அடி கனத்துக்கு சரளை போட்டாத்தான் மணல் உள்ள வராது. மேல் உறைகளுக்கு நடுவுல இருக்க சந்த சிமெண்ட்ல பூசி, வாய மூடி, சுத்தி சரிவாத் தளம் போட்டு கழிவுத்தண்ணி தூரப் போறதுக்கு வாய்க்கா. அப்புறம் மோட்டார் தொங்குற உயரம், இதத்தான் நான் ரொம்ப முக்கியமாச் சொல்லுவேன். கோடையில தண்ணி எவ்வளவு கீழ போகுமோ அதுக்கு ரெண்டு மூணு அடிக்குக் கீழ மட்டும் தொங்க விடுங்க. தண்ணி அதுக்குக் கீழ எறங்குனா மோட்டார் காத்து இழுத்துத் தானா நின்னுரணும், அதுக்கு ஒரு டிரை ரன் கட்டர் மாட்டிருங்க. யாரோ ஒருத்தரு நல்லெண்ணத்துலதான் "இன்னும் பத்தடி எறக்குனா நெறய வரும்"பாரு, அந்தப் பத்தடியிலதான் உப்பு இருக்கு. மூணு கெணத்துல ஒண்ணுல மூடி மேலயே ஒரு அடிகுழாயும் வச்சுருங்க, புயல் மழையில நாலு நா வெயில் இல்லன்னாலும் கைப்பிடியாவது ஓடும்.

மணல் தண்ணிய நல்லா வடிகட்டும்னு எல்லாரும் நம்புறோம், ஆனா கக்கூஸ் குழி பக்கத்துல இருந்தா மணலும் காப்பாத்தாது. குழிக்கும் கெணத்துக்கும் கொறஞ்சது நூறடி இடைவெளி, குழியோட அடி தண்ணி மட்டத்துக்கு அஞ்சடி மேல. எங்க ஊர்ல தண்ணி மட்டமே மழைக்காலத்துல நாலடியில நிக்கும், அதனால மேட்டுக்குப் பக்கத்துல குழிக் கக்கூஸே கட்டக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோம், ரெண்டு வீட்டுக்காரங்களுக்கு வருத்தம்தான், அவங்களுக்கு அடைச்ச தொட்டி கட்ட பொதுப் பணத்துலருந்து குடுக்குறோம்னு சொல்லியிருக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டு, கடைசிக் கொழாயில குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கொறையாம இருக்கணும். வருசத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும், லேப்ல குடுத்து ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி எல்லாம் பாக்கணும். பங்களாதேஷ்ல குளத்துத் தண்ணியால வயித்துப்போக்கு வருதுன்னு நல்ல மனசோட லட்சக் கணக்குல குழாய்க் கெணறு போட்டாங்க, தொண்ணூறுகள்லதான் அந்தத் தண்ணியில ஆர்சனிக் இருக்குன்னு தெரிய வந்துச்சு, அதுக்குள்ள ஒரு தலைமுறையே குடிச்சுருச்சு. கண்ணுக்குத் தெளிவா, நாக்குக்கு இனிப்பா இருக்குன்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

பணம். ஆறு லட்சத்தையும் கட்டடத்துல போட்டுராதீங்க, எங்க கூட்டத்துல நான் சண்டை போட்டது இதுக்குத்தான். நாலரைக்குள்ள வேலைய முடிக்கிறதுன்னு வச்சு, ஒன்றரை லட்சத்த பேங்க்ல போட்டு வச்சுருக்கோம், அது மோட்டார் எரிஞ்சா, சோலார் கண்ட்ரோலர் போனா எடுக்குறதுக்கு. அதுபோக வீட்டுக்கு மாசம் 50 ரூபா, 120 வீடு, வருசத்துக்கு 72,000. இப்ப கொடத்துக்குப் பத்து ரூபா குடுக்குறவங்களுக்கு அது அஞ்சு கொடக் காசு. வலை சரியில்லாத மாசம் குடுக்க முடியாதவங்கள விட்டுப் புடிக்கலாம், ஆனா நோட்டுல எழுதியாகணும். கணக்குப் பாக்குறது ஆம்பளைங்க இல்ல, ரெண்டு பொம்பளைங்க, கடல்பாசி எடுக்கப் போற குழுவுலருந்தே, அவங்க ஏற்கனவே பத்து வருசமா சீட்டுக் கணக்கு ஒரு பைசா பெசகாம எழுதுறவங்க. வாசர், மரை, ஒரு ஸ்பேர் மோட்டார், ஒரு செட் ஸ்பானர், எல்லாம் பள்ளிக்கூடத்து அலமாரியில, சாவி அவங்க கையில. அந்தக் குழுவுல இருக்க என் தங்கச்சி மகளுக்கும் இன்னொரு பொண்ணுக்கும் வாசர் மாத்தவும் கண்ட்ரோலர் பாக்கவும் நான் கத்துக் குடுக்குறேன், இந்த வாரம் ரெண்டாவது தடவை கழட்டி மாட்டுனாங்க, மொதத் தடவை ஒன்றரை மணி நேரம், இப்ப நாப்பது நிமிசம்.

ஆக உங்க ஊரு மணல்மேட்டு மேல இருந்தா உறைக்கிணறு பலது, சின்ன மோட்டாரு. களிமண் பூமின்னா ஊருணியும் வடிகட்டிக் கெணறும். ரெண்டுமே இல்ல, எங்க தொட்டாலும் கரிக்குதுன்னா சின்ன ஆர்ஓ, குடிக்க மட்டும், கழிவுக்கு எடம் பாத்துட்டு. ஆழ போரு லாகிங் எடுத்துக் காட்டுனா மட்டும். எது போட்டாலும் காவிரிக் கொழாயையும் கூரையில விழுற மழைத் தண்ணியையும் கூடச் சேத்துக்கங்க, ஒரு தண்ணி நின்னா இன்னொண்ணு இருக்கணும்.

உறை எறக்குற மேஸ்திரிகிட்டப் பேசியாச்சு. அவரு சித்திரையில வர்றேன்னாரு, கோடைதானேன்னு. நான் வேணாம்ணே, புரட்டாசி மொத வாரம் வாங்கன்னு சொல்லியிருக்கேன். நம்ம பக்கம் மழை ஐப்பசியிலதான், அதனால தண்ணி ரொம்ப அடியில போறது சித்திரையில இல்ல, ஆவணி கடைசி புரட்டாசிலதான், அப்பத் தோண்டுனாத்தான் எவ்வளவு கீழ போகும்னு கண்ணால பாத்து மோட்டார் உயரத்தக் குறிக்க முடியும். அது வரைக்கும் மேட்டுல மூணு எடத்துல கைபோர் போட்டு பைப்பு நட்டு வச்சுருக்கேன், ஞாயித்துக் கெழம தோறும் காலையில அந்த ரெண்டு பொண்ணுங்களும் நூல விட்டு ஆழம் பாத்து, டிடிஎஸ் பாத்து நோட்டுல எழுதுறாங்க. போன ஞாயிறு நடுப் பைப்புல ஏழே கால் அடி, 580.